கடைசி சீட்டா, முதல் சீட்டா? ரோலர் கோஸ்டரில் ஏறும் முன் உங்கள் கழுத்தையும் ஒரு வார்த்தை கேளுங்க!

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போற பஸ்ல கடைசி சீட்டுல உட்கார்ந்து போயிருக்கீங்களா? ஸ்பீடு பிரேக்கர் வரும். டிரைவர் முன் சக்கரத்தை மெதுவா ஏத்தி இறக்குவார். தாண்டியாச்சுன்னு நினைச்சு அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற நொடியிலதான் பின் சக்கரம் மேட்டுல ஏறும். கடைசி சீட்டுல இருக்கிற அத்தனை பேரும் ஒரு சாண் எழும்பி, தொப்புன்னு உட்காருவாங்க. காலேஜ் பசங்க 'ஹே...'ன்னு கத்துவாங்க. கூடையை மடியில வெச்சிருக்கிற ஆயா, டிரைவரோட பரம்பரையையே இழுத்துத் திட்டும்.

ஒரே பஸ், ஒரே மேடு. ஒருத்தருக்கு த்ரில், இன்னொருத்தருக்கு இடுப்பு வலி. ரோலர் கோஸ்டர் செய்கிறவர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொள்வது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்: கத்தலை வரவைக்கணும், திட்டலை வரவைக்கக் கூடாது.

இதை இப்போ ஏன் பேசணும்? 2025 டிசம்பரில் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம், திருப்போரூரை ஒட்டிய இள்ளலூரில் வொண்டர்லா திறந்தது. கேளிக்கை வரி விவகாரத்தில் பல வருஷம் இழுத்துக்கிட்டே இருந்த திட்டம். 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் முதலீடு, 43 ரைடுகள். அதில் எல்லோரும் ரீல்ஸ் போடுவது 'தஞ்சோரா' என்ற கோஸ்டரை. தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், நீங்க அதுக்குக் கீழே காலைத் தொங்கப்போட்டுப் பறப்பீங்க. சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மபியார் நிறுவனம் செய்தது. அதுக்கப்புறம் சிங்கவரம் மாதிரி ஊர்களின் வாட்ஸ்அப் குரூப்களில்கூட 'எப்போடா போலாம்?' மெசேஜ்தான். செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு, திருப்போரூர்னு பஸ் மாறி, ஒரு ஆளுக்கு டிக்கெட், சாப்பாடு, லாக்கர் எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரத்தைத் தாண்டும். அந்தக் காசுக்கு நமக்குக் கிடைக்கப்போவது த்ரில்லா, இரண்டு நாள் கழுத்து வலியா? கேட்டுட்டுப் போறது தப்பில்லை.

உடம்புக்குத் தெரிந்த கணக்கு

சிங்கவரம் ரங்கநாதர் கோயில் படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருக்கீங்கன்னு வைங்க. பல்லவர்கள் குடைஞ்ச பாறை கீழே, நீங்க மேலே. அப்போ உங்க உடம்பு உணர்வது 1 ஜி. அதாவது உங்க சொந்த எடை. கோஸ்டர் ஒரு சரிவின் அடியில் வளைந்து மேலே திரும்பும்போது அது 3 ஜி, 4 ஜின்னு ஏறும். 60 கிலோ ஆள், ஒரு நொடிக்கு 240 கிலோ ஆள் மாதிரி சீட்டில் அழுந்துவார். ரத்தம் காலை நோக்கி இறங்கும், சிலருக்குக் கண் லேசா இருட்டும். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது நேர் எதிர்: எடை பூஜ்யத்துக்கு வரும், வயிற்றில் பட்டாம்பூச்சி. கோஸ்டர் பைத்தியங்கள் இதை 'ஏர்டைம்' என்பார்கள். நம்ம கடைசி சீட்டு மேட்டரேதான்.

எவ்வளவு ஜி என்பது மட்டும் கேள்வி இல்லை. எவ்வளவு நேரம், எந்தத் திசையில், எவ்வளவு திடீர்னு வருது என்பதுதான் உங்க கழுத்துக்கு முக்கியம். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தரவிதிகளில் ஒவ்வொரு திசைக்கும் தனி வரம்பு உண்டு. அந்த வரம்பு நேரம் கூடக் கூடக் குறையும். கண் சிமிட்டும் நேரத்துக்கு உடம்பு தாங்கும் விசையை அஞ்சு விநாடிக்குத் தாங்காது. மேலிருந்து கீழே அழுத்தும் விசையை முதுகெலும்பு ஓரளவு சமாளிக்கும். பக்கவாட்டில் அடிக்கிற உலுக்கலைச் சமாளிக்கத் தெரியாது. தலை ஒரு நாலரை, அஞ்சு கிலோ. அதைத் தாங்குவது கழுத்துத் தசை மட்டும்தானே.

இந்தப் பாடத்தை முதன்முதலில் வலியோடு படித்தவர்கள் அமெரிக்காவின் கோனி ஐலண்ட் வாசிகள். 1884-ல் அங்கே ஓடிய முதல் கோஸ்டரின் வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ. நம்ம ஊர் சைக்கிளே ஓவர்டேக் பண்ணிடும். அது போதலைன்னு 1895-ல் 'ஃபிளிப் ஃபிளாப்' வந்தது. காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி முழு வட்டத்தில் ஒரு சுழல். பிரச்னையே அந்த முழு வட்டம்தான். உச்சியில் தலைகீழா இருக்கும்போது விழாமல் இருக்கணும்னா, அடியில் நுழையும்போது அதுக்கேற்ற வேகம் வேணும். கணக்குப் போட்டால் வட்டத்தின் அடியில் குறைந்தது 6 ஜி வந்தே தீரும். அதுவும் படிப்படியா இல்லை, நேர் ரோட்டில் போகும்போது திடீர்னு சுவரில் ஏறின மாதிரி. ஏறினவங்க கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினாங்க. ரொம்ப நாள் ஓடவில்லை.

சரியான விடை கிடைக்க 1976 வரை ஆச்சு. வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கலிஃபோர்னியாவின் 'ரெவல்யூஷன்' கோஸ்டரில் வட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, கண்ணீர்த் துளி வடிவத்தில் சுழலை அமைத்தார். அடியில் அகலமான வளைவு, உச்சியில் சின்ன வளைவு. அடியில் நசுக்காது, உச்சியில் விழவிடாது, விசை மெதுவா ஏறி மெதுவா இறங்கும். இன்னிக்கு எந்தப் பூங்காவில் தலைகீழ் சுழலைப் பார்த்தாலும் நல்லா உத்துப் பாருங்க. அது வட்டமா இருக்காது.

வலிக்கும் கோஸ்டர், வலிக்காத கோஸ்டர்

'அந்த ரைடு செம மாஸ், ஆனா காது ரெண்டும் சிவந்துபோச்சு'ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. பழைய மாடல் கோஸ்டர்களில் தோளுக்கு மேலிருந்து இறங்கும் பாதுகாப்புக் கம்பி, தலைக்கு இரண்டு பக்கமும் கெட்டியா நிற்கும். தண்டவாளம் கொஞ்சம் வெட்டினாலும் தலை அந்தக் கம்பியில் இடம் வலமா மோதும். பாதுகாப்புக்கு வெச்சதே அடிக்கும்! அதனால்தான் புதிய வண்டிகளில் தோளைக் கவ்வும் மென்மையான ஜாக்கெட் மாதிரியான பட்டை, இல்லைன்னா தொடைமேல் மட்டும் அழுத்தும் கம்பி வருகிறது.

இன்னொரு விஷயம் சுழலும் அச்சு. வண்டி புரளும்போது தண்டவாளத்தை மையமா வெச்சுப் புரண்டால், உங்க தலை சாட்டை நுனி மாதிரி வீசப்படும். உங்க நெஞ்சை மையமா வெச்சு தண்டவாளத்தையே உங்களைச் சுத்தி வளைச்சால், தலை பெரிசா நகராது. உலகம் மட்டும் சுத்தும். பயம் முழுசா இருக்கும், அடி இருக்காது. பொலிகர் அண்ட் மபியார் கோஸ்டர்களுக்கு ரசிகர்கள் நடுவில் 'வெண்ணெய் மாதிரி வழுக்கும்' என்ற பேர் வந்தது இந்த மாதிரி நுணுக்கங்களால்தான். காலைத் தொங்கப்போடும் வகையை 1992-ல் சிகாகோ பக்கத்தில் 'பேட்மேன்' என்ற பெயரில் முதலில் ஓட்டியதும் அவர்கள்தான். காலுக்குக் கீழே தரை இல்லாதது, பக்கத்துத் தூண் உரசிக்கிட்டுப் போகிற மாதிரி தெரிவது, அடுத்த வளைவு எங்கேன்னு புரியாதது... இதெல்லாம் மூளைக்குத் தர்ற பயம். முதுகெலும்புக்கு இதில் செலவே இல்லை.

எதிர் உதாரணம் ஜப்பானில் இருக்கு. ஃபுஜி மலை அடிவாரத்தில் ஃபுஜி-க்யூ பூங்காவின் 'டோ-டோடோன்பா'. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 180 கி.மீ. வேகத்தை 1.56 விநாடியில் தொடும். உலகத்திலேயே அப்படிப் பாய்வது வேறு இல்லைன்னு பெருமை. ஏறினவர்களில் சிலர் கழுத்து, முதுகு எலும்பு முறிந்ததாகப் புகார் சொல்ல, 2021 ஆகஸ்டில் நிறுத்தினாங்க. 2024-ல் 'இனி ஓடாது'ன்னு அறிவிச்சாங்க. யாரும் கீழே விழவில்லை, வண்டி தடம் புரளவில்லை. ஆனாலும் கதை முடிஞ்சுது. 'ஆக்சிடென்ட் ஆகலை'ன்னா 'சேஃப்'னு நினைக்கிற நம்ம பழக்கத்துக்கு இது நல்ல பதில்.

ரெக்கார்டு வேட்டையும் அப்படித்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 139 மீட்டர் உயரத்தில் நின்ற 'கிங்டா கா', 2005-லிருந்து உலகின் மிக உயரமான கோஸ்டர். 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்தாங்க. இப்போ அந்தப் பட்டம் சவுதி அரேபியாவின் கித்தியாவில் இருக்கும் 'ஃபால்கன்ஸ் ஃபிளைட்'டுக்கு. 195 மீட்டர் உயரம், மணிக்கு 250 கி.மீ. செஞ்சிக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, நம்ம ராஜகிரி சுமார் 800 அடி. அதில் ஐந்தில் நாலு பங்கு உயரம். ராஜகிரி உச்சிக்கு முன்னால் அந்தப் பாறைப் பிளவின் மேலுள்ள பாலத்தில் நின்னு கீழே எட்டிப் பார்த்திருந்தால், 'ஐயோ'ன்னு ஒரு உணர்வு வருமே, அதை இவங்க மோட்டார் போட்டு விக்கிறாங்க. யுனெஸ்கோ 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பட்டியலில் செஞ்சியையும் சேர்த்ததிலிருந்து அந்தப் பாலத்தில் செல்ஃபி கூட்டம் அதிகம். அங்கே தோள் கம்பி எல்லாம் கிடையாது மக்களே, பார்த்து.

என் கட்சி இதுதான்: உயரமும் வேகமும் போஸ்டருக்கு. நல்ல கோஸ்டரா இல்லையான்னு தெரிய ஒரே சோதனை, இறங்கினதும் மறுபடி க்யூவில் நிக்கத் தோணுதா என்பது. அதே நேரம், சுத்தமா உலுக்கலே இல்லாததுதான் சிறந்தது என்று சொன்னால் மரக் கோஸ்டர் ரசிகர்கள் சண்டைக்கு வருவாங்க. கடகடன்னு சத்தமும் அதிர்வும் இருந்தால்தான் அவங்களுக்கு ருசி. டவுன் பஸ் கடைசி சீட்டு ஆட்கள்!

எந்த சீட்டு?

முதல் வரிசையில் காட்சி. எதிரே எதுவுமே இல்லாமல் வெறும் ஆகாயம். ஆனால் உச்சியைத் தாண்டும்போது வண்டி இன்னும் மெதுவாத்தான் போகும், ஏன்னா பின்னால் உள்ள பெட்டிகள் இன்னும் மேட்டில் ஏறிக்கிட்டு இருக்கும். கடைசி வரிசை உச்சிக்கு வரும்போது முன் பாதி ஏற்கெனவே சரிவில் பாய்ந்து உங்களைச் சரேல்னு இழுத்துக்கிட்டுப் போகும். ஏர்டைம் அங்கேதான் அதிகம், அதிர்வும் அங்கேதான் அதிகம். நடு வரிசை இரண்டுக்கும் சமாதானம். ஒரே பெட்டியிலும் சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள சீட்டுக்குத் தட்டல் ஜாஸ்தி. இதுவும் பஸ்ஸில் தெரிஞ்ச விஷயம்தான்.

நம்பிக்கை வரலைன்னா ஒரு வேடிக்கையான ஆய்வு இருக்கு. மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் வார்ட்டிங்கர் என்ற சிறுநீரக மருத்துவரிடம், டிஸ்னி வேர்ல்டு போய் 'பிக் தண்டர் மவுன்டன்' கோஸ்டரில் ஏறினதும் கிட்னி கல் வெளியேறிடுச்சுன்னு சில நோயாளிகள் சொல்லியிருக்காங்க. அவர் சிலிக்கானில் ஒரு போலிச் சிறுநீரகம் செய்து, நிஜக் கற்களை உள்ளே போட்டு, பையில் வெச்சுக்கிட்டு அந்த ரைடில் 20 முறை போனார். முன் சீட்டில் ஆறில் ஒரு கல்தான் நகர்ந்தது. பின் சீட்டில் மூணில் இரண்டு! 2016-ல் கட்டுரை வந்தது, 2018-ல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் 'இக் நோபல்' பரிசும் கிடைச்சுது. அதிலும் ஒரு நுணுக்கம் சொல்றார்: அதிவேகக் கோஸ்டர்கள் இதுக்கு உதவாது, அழுத்தம் கல்லை ஒரே இடத்தில் பிடிச்சு வெச்சுடும். மிதமான வேகமும் கரடுமுரடான உலுக்கலும்தான் வேலை செய்யுது. கல்லுக்கு நல்லது எதுவோ, அது கழுத்துக்கு நல்லதில்லை. (கிட்னி கல்லுக்கு டாக்டரைப் பாருங்க, டிக்கெட் கவுன்டரை இல்லை.)

விழாமல் இருப்பது வேறு கதை

சௌகரியம், த்ரில் இரண்டுக்கும் அடியில் கிடப்பது பாதுகாப்பு. 2025 அந்த வகையில் நல்ல வருஷம் இல்லை. ஏப்ரலில் டெல்லி கபஷேரா பகுதிப் பூங்கா ஒன்றில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயதுப் பெண் இறந்தார். மே 27-ம் தேதி சென்னை ஈ.சி.ஆர். வி.ஜி.பி. பூங்காவில் ஒரு ராட்சத ராட்டினம் மேலே போன இடத்திலேயே நின்றுவிட, 30-க்கும் மேற்பட்டவர்கள் சுமார் மூன்று மணி நேரம் தொங்கினார்கள். தீயணைப்பு வீரர்கள்தான் எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள். செப்டம்பரில் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், திறந்து சில மாதமே ஆன 'எபிக் யுனிவர்ஸ்' பூங்காவின் புத்தம்புது கோஸ்டரில் 32 வயது இளைஞர் உயிரிழந்தார். வீல்சேர் பயன்படுத்துபவர். வண்டி பழுதாகவில்லை என்றுதான் பூங்கா சொன்னது. வண்டி சரியாக இருந்தும், எல்லா உடம்புக்கும் ஒரே கம்பி பொருந்துமா என்ற கேள்வியை அந்த மரணம் விட்டுப்போயிருக்கு.

அது நம்மையும் தொடுற கேள்வி. உயரம் போதலைன்னு குழந்தையைத் திருப்பி அனுப்பினால் பெற்றோர் சண்டை போடுறாங்க. உடம்பு பெருசா இருக்கிறவங்களுக்குக் கம்பி பூட்டலைன்னா க்யூ முழுக்கச் சிரிக்குது. சிரிக்க ஒண்ணும் இல்லை. அந்தக் கம்பி ஏதோ ஒரு நாட்டின் சராசரி உடம்பை அளந்து செஞ்சது. வெளிநாட்டில் பல பூங்காக்களில் ரைடு வாசலிலேயே ஒரு மாதிரி சீட் போட்டிருப்பாங்க. தனியா உட்கார்ந்து பார்த்துட்டு, பொருந்தலைன்னா அமைதியா நகர்ந்துடலாம். ஒரு மணி நேரம் நின்னு, அம்பது பேர் முன்னாடி இறங்கி வர வேண்டாம். நம்ம பூங்காக்கள் எல்லாத்திலும் இது இருக்கணும். கேளுங்க, காசு குடுக்குறது நாமதானே.

பெரிய பூங்காவையாவது கேள்வி கேட்கலாம். மேல்மலையனூர் மாதிரியான கோயில் திருவிழாக்களுக்கு வந்து இறங்கும் ராட்டினம்? லாரியில் வரும், ராத்திரியோட ராத்திரியா போல்ட் முடுக்கி நிறுத்துவாங்க, பத்து நாளில் கழட்டிக்கிட்டு அடுத்த ஊர். கொலம்பஸும் டிராகன் ட்ரெயினும் பார்த்துத்தான் நம்மில் பலர் வளர்ந்தோம், அதைக் குறை சொல்ல மனசு வரலை. அங்கே வேலை பார்க்கிறவங்க பிழைப்பும் அதில் இருக்கு. இந்திய தர அமைப்பான பி.ஐ.எஸ்., கேளிக்கை ராட்டினங்களுக்கென்றே ஐ.எஸ். 15475 என்ற விதித்தொகுப்பு வைத்திருக்கு. விதி தாளில் இருக்கு. சனிக்கிழமை ராத்திரி செஞ்சி மைதானத்தில் அந்த போல்ட்டை யார் தொட்டுப் பார்த்தாங்க என்பதுதான் விஷயம். ஏறும் முன் நீங்களே சிலதைப் பார்க்கலாம். தாங்கு கால்களுக்கு அடியில் உருண்டைக் கல்லும் உடைஞ்ச பலகையுமா முட்டுக் குடுத்திருக்காங்களா? சங்கிலி, பட்டை இருந்தும் மாட்டாமல் விடுறாங்களா? ஓட்டுறவர் போனைப் பார்த்துக்கிட்டே ஓட்டுறாரா? ஒண்ணு இருந்தாலும் பஞ்சுமிட்டாய் வாங்கிக்கிட்டு வந்துடுங்க.

சிங்கவரத்தில் ஒரு கதை சொல்வாங்க. ஆற்காடு நவாப்போட சண்டைக்குக் கிளம்புறதுக்கு முன்னால் ராஜா தேசிங்கு, மலையில் பள்ளிகொண்ட பெருமாளிடம் உத்தரவு கேட்கப் போனாராம். 'இன்னிக்கு வேண்டாம்'னு பெருமாள் முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். அடங்காத குதிரையை அடக்கின ஆளுன்னு பேர் எடுத்தவர், கேட்பாரா? 1714-ல் அந்தச் சண்டையில் உயிரே போச்சு. கதை கதைதான். ஆனா நம்ம செட்டில் 'எனக்கு வேண்டாம்டா'ன்னு முகத்தைத் திருப்பிக்கிற ஒருத்தன் எப்பவும் இருப்பான். அவனை 'பயந்தாங்கொள்ளி'ன்னு கலாய்ச்சுக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. கழுத்துத் தேய்மானம், இதயப் பிரச்னை, சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம், எதையும் அவங்க க்யூவில் நின்னு உங்களுக்கு விளக்கணும்னு அவசியமே இல்லை.

ஏறுறவங்களுக்கு: போனை லாக்கரில் வைங்க. 80 கி.மீ. வேகத்தில் கையிலிருந்து நழுவுற போன், பின் சீட்டுக்காரர் முகத்துக்குக் கல். துப்பட்டாவையும் நீள முடியையும் கட்டிக்குங்க. முதுகையும் பின்தலையையும் சீட்டோடு ஒட்டி வைங்க, கண்ணை மூடாதீங்க. அடுத்த வளைவு தெரிஞ்சால் கழுத்து தானா தயாராகும். தலைசுத்தலும் குறையும், ஏன்னா காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு சொல்றதும் கண் சொல்றதும் ஒத்துப்போகும். முதல் ரவுண்டு நடு சீட்டு. உடம்பு ஓகே சொன்னால் அடுத்து முதல் வரிசை. கடைசி வரிசையைக் கடைசியா வெச்சுக்குங்க. பிரியாணியை அதுக்கும் அப்புறம்.

திரும்பி வரும்போது திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறுவீங்க இல்லையா, அப்போ மட்டும் முன் பக்கமா ஒரு சீட் பார்த்துப் போடுங்க. ஒரு நாளைக்கு அது போதும்.